ஏலத்துக்கு வந்த நாலாவது பெட்டி

மில்லில் நூல் எந்த இழுவையில் அறும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ராஜபாளையத்தில் அந்த லேபில் உட்கார்ந்து நாள் முழுக்க நூலை இழுத்து அறுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, என் பொறுமை எந்த இழுவையில் அறும் என்பது அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. மத்தியானம் போனில் ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது.’ நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜை அனுசியா கையில் இருந்த நூல்கண்டைக் கீழே போட்டுவிட்டாள்.

“என்னக்கா, லாட்டரி விழுந்துட்டா?”

“அதுக்கும் மேலட்டி! நாலாவது பெட்டி வந்துட்டு!”

என்ன பெட்டி என்று அவள் கேட்கவில்லை. லேபில் எல்லோருக்கும் அது தெரியும். தெரியாதவர்களை உட்காரவைத்து நானே சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிராக்கன் ஹில் என்று இங்கிலாந்தில் ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. அவர்கள் ஊர் நாட்டுப்புறப் பாட்டுகளை எடுத்து, எலக்ட்ரிக் கிடாரும் வயலினும் டிரம்ஸும் சேர்த்து அடித்து நொறுக்கினார்கள். பாளையங்கோட்டையில் நான் ஹாஸ்டலில் இருந்தபோது யாரோ விட்டுப்போன ஒரு கேசட்டில் அவர்களைக் கேட்டேன். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. கோஷ்டி கலைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது அவர்களுடைய பழைய ஒலிநாடாக்களைத் தூசி தட்டிச் சுத்தம் செய்து, பெட்டி பெட்டியாகத் திரும்ப வெளியிடுகிறார்கள். பெட்டிக்குள் நாலைந்து சிடி, படம் நிறைந்த ஒரு கெட்டி அட்டைப் புத்தகம், பழைய கச்சேரி நோட்டீஸின் நகல். கொஞ்சம்தான் அச்சடிப்பார்கள். முந்தினவர்களுக்குக் கிடைக்கும், மற்றவர்கள் வயிறெரியலாம்.

‘அதெல்லாம் போனிலேயே கேட்கலாமே’ என்பார் என் வீட்டுக்காரர் ரோஷன். ‘ஆராதனையைக்கூட டிவியிலேயே பார்க்கலாமே’ என்பேன். அத்தோடு வாயை மூடிக்கொள்வார்.

மூன்று பெட்டிகள் என் பீரோவில் இருந்தன. நாலாவதுதான் கடைசி. அதன் கடைசி சிடியில், கடைசியாக ஒரு பாட்டு. அது மட்டும் இதுவரை வெளியே வந்ததே இல்லை. ஒரு சின்ன ஊர் அரங்கில் கச்சேரி நடக்கும்போது கரண்டு போய்விட்டதாம். கிடார் செத்தது, மைக் செத்தது. கூட்டம் எழுந்து போகப் பார்த்தபோது பாடகி மேரியன் ஹேல் மேடை விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கருவியும் இல்லாமல் பாடினாளாம். யாரோ ஒருவர் மடியில் பேட்டரி டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தப் பாட்டைக் கேட்க நான் என் பாதி ஆயுசு காத்திருந்திருக்கிறேன் என்றால் அதில் பொய் கொஞ்சம்தான்.

காத்திருந்தது நான் மட்டும் இல்லை. அப்துல் ரவூப் அண்ணனும்தான்.

அவரைப் பிடித்த கதை வேடிக்கையானது. பிராக்கன் ஹில் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் ஒரு ஆளோடு நான் இரண்டு வருடமாக ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஆல்பத்தில் வயலின் சத்தம் கூடுதலா குறைவா என்பதுதான் தகராறு. அவர் ஏதோ லண்டன்காரர் என்று நான் நினைத்தேன், அவரும் என்னை அப்படித்தான் நினைத்தார். ஒருநாள் சாயந்திரம், சண்டை உச்சத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் கரண்டு போனது. ‘மின்வெட்டு, பிறகு வந்து உங்களைக் கவனிக்கிறேன்’ என்று தட்டினேன். அதே நிமிடம் அவரிடமிருந்தும் அதே செய்தி. இரண்டு பேருக்கும் கரண்டு வந்ததும் ஒரே நேரம். அப்புறம்தான் விசாரித்தோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர், அவர் ராஜபாளையம். என் மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் இன்வர்ட்டர் கடை வைத்திருக்கிறார். இன்வர்ட்டர் கடைக்காரர் வீட்டில் இன்வர்ட்டர் இல்லை என்பதை நான் இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாலாவது பெட்டிக்கு இரண்டு பேரும்தான் முயன்றோம். எனக்குக் கிடைத்தது. அவருக்கு ஓடிபி வருவதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் கடையில் நான் குடித்த டீ எனக்கே கசந்தது. “விடுங்க தங்கச்சி, உங்க கைக்கு வந்தா நான் கேட்ட மாதிரிதான்” என்றார். ஆனால் மூஞ்சி அப்படிச் சொல்லவில்லை. பெட்டி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிப்போம், அந்தப் பாட்டைச் சேர்ந்துதான் முதலில் கேட்போம் என்று அப்போதே வாக்குக் கொடுத்தேன்.

அரை ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது அவருக்குப் போன் செய்தேன். “அண்ணே, வந்துட்டு!”

“யா அல்லா! செத்த நேரம் இருங்க, கடையைப் பூட்டிட்டு வாரேன்” என்று போனை வைத்துவிட்டார். ஒருவேளை என்னை விட வேகமாகக் கிளம்பியிருப்பார்.

பாதி வழியில்தான் மூளை வேலை செய்தது. வீட்டில் யாரும் இல்லையே, பார்சலை யாரிடம் ஒப்படைத்தான்? வண்டியை ஓரங்கட்டி, பார்சல் கொண்டுவந்த பையனைக் கூப்பிட்டேன்.

“வீடு பூட்டியிருந்துச்சுக்கா. எதிர்த்தாப்ல சர்ச்சுல குடுத்துட்டேன். அங்கதான் எல்லார்கிட்டயும் சாமான் வாங்கி அடுக்கிட்டு இருந்தாவ.”

வண்டியை முறுக்கினேன். அன்றைக்கு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஊரில் எல்லோரும் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல்லு, தேங்காய், பூசணி, வாழைத்தார், சேவல், வெள்ளாடு என்று ஆலயத்துக்குள் சந்தை மாதிரி குவிந்துகிடக்கும். போதகர் ஜெபம் செய்த பிறகு எல்லாவற்றையும் வெளியே பந்தலில் வைத்து ஏலம் விடுவோம். ஏலம் விடுகிறவர் வேறு யாரும் இல்லை, என் மாமனார் வேதமணி. ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் கல் உடைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்து, அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி ஓய்வு பெற்ற தொண்டை அது. மைக் அவருக்கு ஒரு அலங்காரம்தான்.

எங்கள் தெருவுக்குள் ஸ்கூட்டர் திரும்பும்போதே, ஏலத்துக்கு முன்னால் காணிக்கைகளை ஒவ்வொன்றாக அறிவிக்கும் அவர் குரல் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது. “...வேதமணி குடும்பத்துல, மருமகள் ஜெனிலா, சீமையில இருந்து வரவழைச்சுப் படைச்ச விசேஷ காணிக்கை!”

நான் வண்டியை ஸ்டாண்டு போட்டேனா, அப்படியே சாய்த்தேனா என்று நினைவில்லை.

பந்தல் மேடையில், மேஜை மேல் ஒரு பெரிய பூசணிக்கும் ஒரு வாழைத்தாருக்கும் நடுவில் என் பெட்டி உட்கார்ந்திருந்தது. வெளி அட்டையை யாரோ பிரித்திருந்தார்கள். நல்லவேளை, உள்ளே பெட்டியைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாள் அப்படியே இருந்தது. பெட்டி நான் நினைத்ததைவிடப் பெரியது, அழகானது. மேல் அட்டை முழுக்க ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு, அதில் சாய்த்துவைத்த ஒரு அரிவாள்.

கோயில்பிள்ளை தவசிமுத்துவைப் பிடித்தேன். ஆலயத்தில் மணி அடிப்பதிலிருந்து பெருக்குவது வரை அவர் பொறுப்புதான். “அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணிட்டிய?”

அவர் முகம் மலர்ந்திருந்தது. “ஏம்மா, ரொம்ப நல்லா இருக்கு! உங்க பேரு போட்டு வந்துச்சு. பொம்பளைய சங்கத்துக்காரவ பிரிச்சாவ. பாத்தா கதிரும் அரிவாளும்! அறுப்பின் பண்டிகைக்குன்னே சொல்லி செஞ்சு வாங்கியிருக்கான்னு எல்லாரும் அசந்துட்டாவ. போதகர் ஐயா ஜெபத்துல உங்க பேரைத்தான் மொதல்ல சொன்னாவ.”

யாரைக் குறை சொல்ல? அறுப்பின் பண்டிகை அன்றைக்கு, ஆலயத்துக்கு, கதிர்க்கட்டுப் படத்தோடு ஒரு பெட்டி வந்தால் எங்கள் ஊரில் வேறு என்ன நினைப்பார்கள்?

நேராக மாமாவிடம் போய் ‘இது காணிக்கை இல்லை, என்னுது’ என்று சொல்லத்தான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“எம்மா, உன்னைய நான் என்னமோ நெனச்சிருந்தேன். சம்பாதிக்கிறதையெல்லாம் வெள்ளக்காரன் பாட்டுல கொண்டு கொட்டுதாளேன்னு பல தடவ சொல்லியிருக்கேன். இன்னைக்கு ஊரையே எழுந்து நிக்க வச்சுட்ட தாயி.”

கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அவர் என்னை ‘தாயி’ என்றதே இல்லை. நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டில் எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை.

சரி, ஏலத்தில் கேட்டு எடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. ஏலம் விடுகிறவர் வீட்டிலிருந்து யாரும் கேட்கக் கூடாது. அது சபையில் பழைய கட்டுப்பாடு. ஒரு வருடம் ரோஷன் ஒரு தேங்காயைக் கேட்டதற்கே மாமா மைக்கில் வைத்து அவரை நாறடித்துவிட்டார். அந்த ரோஷன் இப்போது பின்னால் சபை விருந்தான அசனத்துக்கு ஆக்கும் சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ரவூப் அண்ணனுக்குப் போன் போட்டேன். ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப ஏலத்துல யாரு வேணாலும் கேக்கலாமா?” என்றார் மெதுவாக.

“எங்க வீட்டு ஆளுகளத் தவிர. நீங்கதான் கேக்கணும்ணே. எனக்காகக் கேக்கணும்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஓடிபி வராமல் கை நழுவிப்போன பெட்டி இப்போது ஏலத்துக்கு வந்திருக்கிறது. அந்த மனுசனுக்கு மட்டும் ஆசை இருக்காதா?

“ரயில் வந்துட்டு தங்கச்சி. பொறவு பேசுதேன்” என்று வைத்துவிட்டார்.

ஏலம் தொடங்கியது. சேவல் போனது, வெள்ளாடு போனது. ஒற்றை எலுமிச்சம்பழத்தை இரண்டு பங்காளிகள் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போனார்கள், கூட்டம் விசில் அடித்தது. மற்ற வருடம் நானும் அடித்திருப்பேன். இப்போது வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணனைக் காணோம்.

“அடுத்து, சீமைக் காணிக்கை!” மாமா பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். “கேளுங்கய்யா!”

யாரும் கேட்கவில்லை. அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு நப்பாசை. இப்படியே சும்மா கிடந்து, அண்ணன் வந்து லேசாகத் தட்டிக்கொண்டு போய்விட்டால் போதும். ஆனால் மாமாவின் முகம் மெல்ல வாடியது.

வாழைக்காய் மண்டி கண்ணுச்சாமி எழுந்தார். வருடம் தவறாமல் எங்கள் ஏலத்துக்கு வருகிறவர். வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் கேட்பார். “வேதமணி அண்ணாச்சி, சேவல்னா கூவ விட்டுக் காட்டுதிய. ஆடுன்னா நடக்க விட்டுக் காட்டுதிய. இது என்னன்னு தெரியாம எப்படிக் கேக்க?”

“பாட்டுப் பெட்டிய்யா!” என்றார் மாமா.

“அப்ப பாட விட்டுக் காட்டுங்க!”

கூட்டம் கைதட்டியது. தவசிமுத்து வாழைத்தார் அறுத்த அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு என் பெட்டியை நோக்கிப் போனார். சேகரிக்கிறவர்களுக்கு அந்தக் கண்ணாடித் தாளைப் பிரிப்பது ஒரு சடங்கு. நான் மற்ற மூன்றையும் கை கழுவி, பிளேடு நுனியால் ஓரத்தில் மட்டும் கீறிப் பிரித்தவள். இங்கே அரிவாள் பளபளத்தது.

“அண்ணாச்சி, நில்லுங்க!” என்று கத்திக்கொண்டே தேங்காய்க் குவியலைத் தாண்டி மேடைக்கு ஓடினேன். “மாமா, நானே எடுத்துத் தாரேன்.”

நகத்தால்தான் பிரித்தேன். புது மையின் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே ஐந்து சிடி. சவுண்ட் சர்வீஸ்காரர் தன் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய டிவிடி பிளேயரைத் தேடி எடுத்து வயரைச் சொருகினார். “எந்த சிடி போடணும் அக்கா?” என்றார்.

இங்கேதான் என் குறுக்குப் புத்தி முழித்துக்கொண்டது. மூன்றாவது சிடியில் ஒரு பகுதி முழுக்க அவர்கள் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டு வெட்டிப் பேச்சுப் பேசுவதுதான். எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு அது அமிர்தம், மற்றவர்களுக்குத் தலைவலி. அதைப் போட்டால் கண்ணுச்சாமி உட்கார்ந்துவிடுவார். யாரும் கேட்க மாட்டார்கள். பெட்டி எனக்குத்தான்.

மூன்றாவது சிடியைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு மாமாவைப் பார்த்தேன். மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பரிசு வாங்கப்போகும் பிள்ளையின் தகப்பன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அதே மைக்கில்தான் என் பெயரை ஊருக்கே சொல்லியிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் குப்பையைப் போட எனக்கு மனசு வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், என்னாலும் இனி ஒரு நிமிடம் பொறுக்க முடியவில்லை. நூல் அறுந்துவிட்டது.

“அஞ்சாவது” என்றேன். “கடைசிப் பாட்டு.”

முதலில் வெறும் இரைச்சல். யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்த இருட்டு எங்கள் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு அவள் பாடினாள்.

ஐயோ, என்ன குரல்! நான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். அத்தனையும் தோற்றது. கதிர் அறுக்கப் போனவர்கள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று ஒருத்தி வாசலில் நின்று கூப்பிடுகிற பாட்டு. ஒவ்வொரு அடியும் ஒரே இழுப்பில், ஒரே கூப்பிடலில் முடிந்தது. தனியாக ஹெட்போனில் கேட்கவேண்டும் என்று நான் நினைத்திருந்த குரல், ஆடும் கோழியும் பூசணியும் சாம்பார் வாசமும் இருந்த இடத்தில் ஊருக்கே கேட்டது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

கூட்டத்தில் பேச்சு நின்றது. சாம்பார்க் கரண்டியோடு ரோஷன் வந்து பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை யாருக்கும் புரிந்திருக்காது. ஆனால் எங்கள் சபைப் பெண்களுக்கு ராகம் ஒருமுறை கேட்டால் போதும். மூன்றாவது அடியில் அந்தக் கூப்பிடல் வந்தபோது பாயில் உட்கார்ந்திருந்த பாட்டுக்குழுப் பெண்கள் வாயை மூடியபடியே கூட முனக ஆரம்பித்தார்கள். அடுத்த அடியில் பந்தலே முனகியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். ரவூப் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. சேர்ந்துதான் கேட்போம் என்ற வாக்கு எப்படியோ காப்பாற்றப்பட்டுவிட்டது.

பாட்டு முடிந்ததும் கண்ணுச்சாமிதான் முதலில் எழுந்தார். “எனக்கு!” என்றார். மாமாவின் தொண்டை திறந்தது. இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று ஏலம் ஏறியது. ஹெல்மெட்டுக்குள் இருந்து ரவூப் அண்ணன் குரல் வந்தது. கண்ணுச்சாமி விடவில்லை, அண்ணனும் விடவில்லை. தொகைகள் என் காதில் விழவே இல்லை. ஒவ்வொரு முறை அண்ணன் கையைத் தூக்கும்போதும், இது யாருக்காக, எனக்கா அவருக்கா என்பது மட்டுமே என் மண்டையில் ஓடியது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் கண்ணுச்சாமி சிரித்துக்கொண்டே கும்பிட்டு உட்கார்ந்தார்.

“ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! ராஜபாளையம் பாய்க்கு!”

அண்ணன் மேடைக்கு வந்து பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். கதிர்க்கட்டைத் தடவிப் பார்த்தார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கொண்டுபோனால் போகட்டும், அவரை விட்டால் அதற்கு வேறு யார் தகுதி என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கப் பார்த்தது.

“அய்யா, ஏலத்துல எடுத்தவன் அதை யாருக்கு வேணாலும் குடுக்கலாம்லா?” என்று மாமாவிடம் கேட்டார்.

“அது உங்க இஷ்டம் பாய்.”

“அப்ப இந்தாங்க தங்கச்சி.” பெட்டியை என் கையில் வைத்தார். “கேட்டுல நின்னு ரொம்ப யோசிச்சேன். ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்குன்னுதான் வந்தேன். அந்தப் பாட்டு முடிஞ்சதும் ஒங்க மூஞ்சியப் பாத்தேன். ஒரு மாசம் ஒங்க வீட்டுல இருக்கட்டும், ஒரு மாசம் எங்க வீட்டுல. சம்மதமா?”

நான் தலையை ஆட்டினேன்.

மாமா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரியத் தொடங்கியது. மைக்கைப் பொத்திக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார். “எம்மா, நெசத்தைச் சொல்லு. இது நீ காணிக்கைக்குன்னு வாங்கினதா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட விதத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

“வாங்கும்போது இல்ல மாமா. எனக்குன்னுதான் வாங்கினேன். போட்டுக் காட்டும்போதுதான் குடுத்தேன்.”

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்தார். அடுத்து பூசணி. கண்ணுச்சாமி ஏற்கெனவே அதற்குத் தயாராகியிருந்தார்.

“ஏலே, சவுண்டு” என்றார் மாமா. மைக்கில் அந்தத் தொண்டை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “அந்தப் பாட்டை இன்னொருக்க போடுலே. இந்தத் தடவ ஏலத்துக்கு இல்ல. எம் மருமகளுக்கு.”

இருமல் கேட்டது, நாற்காலி கிறீச்சிட்டது. மாமா மேடைப் படியில் உட்கார்ந்து பக்கத்தில் எனக்கும் இடம் விட்டார். ரவூப் அண்ணன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.